ஏர் கூல்டு என்றால் பராமரிப்பே இல்லையா?

“ரோடுக்கும் காட்டுப் பாதைக்கும் ஒரே பைக் வேண்டும் என்றால் ஏர் கூல்டு மட்டும் வாங்குங்கள், மற்றதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. ஏர் கூல்டு என்ஜினைக் காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டர், கூலன்ட் (சூட்டை இழுக்கும் திரவம்) தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் செலவைத் தீர்மானிப்பது என்ஜின் எதற்காகக் கட்டப்பட்டது என்பதுதான். ரோடு, காடு இரண்டுக்குமான ஹோண்டா சிஆர்எஃப்300எல் பைக் லிக்விட் கூல்டு, அதாவது கூலன்ட்டால் குளிர்விக்கப்படுவது. அதன் வால்வு கிளியரன்ஸை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) சுமார் 24,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்தால் போதும். பந்தய எண்டியூரோ (காட்டுப் பாதைப் போட்டி) பைக்குகளுக்கோ ஆயில் மாற்றுவதையே ஓடிய மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். நீங்கள் பயப்படும் ரகம் அதுதான், கூலிங்கைப் பழி சொல்லாதீர்கள்.

சுசூகி டிஆர்650 போன்ற ஏர்-ஆயில் கூல்டு (காற்றோடு என்ஜின் ஆயிலும் குளிர்விக்கும்) வண்டியிலும் வால்வு பார்த்தாக வேண்டும். அந்த இடைவெளியைத் திருகைத் திருப்பியே சரிசெய்யும் ஸ்க்ரூ அட்ஜஸ்டர் என்பதால் வீட்டிலேயே செய்யலாம், அவ்வளவுதான். அப்புறம், முதல் கியரில் மேட்டில் ஊர்ந்து போகும்போது காற்றோட்டம் குறைந்து சூடாவதும் ஏர் கூல்டுதான்.

காட்டுப் பாதையில் நிஜமான வேலை வைப்பவை ஏர் ஃபில்டரும் செயினும். தூசியில் ஓட்டிய பிறகு ஃபில்டரைக் கழுவ நீங்கள் சோம்பல்பட்டால் எந்த என்ஜினும் தாங்காது.