ஓசி ஹோஸ்டிங்கில் விளம்பரம் போடலாம், டொமைனை மட்டும் ஓசியில் வாங்காதீர்கள்

சொந்தத் தளத்தில் விளம்பரம் போடுவது எப்படி என்று யாராவது கேட்டால், “முதல்ல மாசம் இருநூறு முந்நூறு கட்டி ஹோஸ்டிங் வாங்குங்க” என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். சமையல் குறிப்பு, ஊர் வரலாறு, பத்தாம் வகுப்புக் கணக்கு என்று எழுத்தும் படமும் மட்டும் இருக்கும் தளத்துக்கு அது தண்டச் செலவு. ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் சர்வர் இடம், ஓசியிலேயே இருக்கட்டும். காசு போட வேண்டியது டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயர் முகவரிக்குத்தான். டாட் காம் என்றால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் ஆகும். முதல் வருஷச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் அனுமதி உங்கள் தள முகவரிக்குத்தான் கிடைக்கிறது, அந்தத் தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சொந்த டொமைன் இருந்தால் இன்று கூகுளின் ஓசி வலைப்பதிவு இடமான பிளாகரில் இருந்துவிட்டு அடுத்த வருஷம் கிளவுட்ஃபிளேர் என்ற இன்னொரு ஓசி இடத்துக்கு மாறலாம். பக்க முகவரிகளை அப்படியே வைத்துக்கொண்டால் அனுமதியும் கூகுள் தேடலில் பிடித்த இடமும் கூடவே வரும். ஹோஸ்டிங்காரர் கொடுத்த துணை முகவரியில் இருந்தால், அவர் கடையை மூடும் நாளில் எல்லாம் போச்சு. இலவச டொமைன் நிலைமை இன்னும் மோசம். டாட் டிகே, எம்எல், ஜிஏ, சிஎஃப், ஜிக்யூ என்று ஐந்து வகைகளை இலவசமாக அள்ளிக் கொடுத்த ஃப்ரீநாம் 2023 தொடக்கத்தில் புதுப் பதிவுகளை நிறுத்தியது, 2024-இல் தொழிலை விட்டே விலகியது.

ஓசி ஹோஸ்டிங் என்றாலும் எல்லாரும் விளம்பரத்துக்குச் சம்மதிப்பதில்லை. முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. வெர்செல் என்ற ஹோஸ்டிங்கின் இலவசத் திட்டம் வணிக நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு மட்டும். எது வணிகம் என்ற பட்டியலில் ஆட்சென்ஸைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அங்கே விளம்பரம் போட்டு, தளம் முடங்கிய பிறகு புலம்பிப் பயனில்லை. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், ஆனால் அது அவர்கள் போடுவது, காசும் அவர்களுக்கே. இப்போதைய கூகுள் சைட்ஸில் ஆட்சென்ஸுக்கு வழியே இல்லை. கூகுளின் வீட்டிலேயே கூகுள் விளம்பரம் போட முடியாத கூத்து இது.

நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் தரும் ஓசி ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸ் நடுவில் நிற்கிறது. ஆன்லைன் கடை, வணிகச் சேவை இதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது, விளம்பரமே பக்கத்தின் பிரதான நோக்கமாக இருக்கக் கூடாது என்பது விதி. உருப்படியாக எழுதியிருக்கும் பக்கத்தில் ஒன்றிரண்டு விளம்பரம் இருந்தால் பொதுவாகச் சிக்கல் வராது. தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து (வாசகர்களுக்குப் போகும் டேட்டா) 100 ஜிபிக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் படங்களோடு அரை எம்பி என்றால் மாதம் 2 லட்சம் பார்வை வரை தாங்கும். கிளவுட்ஃபிளேர் பேஜஸில் நிலையான கோப்புகளுக்குப் போக்குவரத்து வரம்பே கிடையாது. மாதம் 500 பில்ட் (தளத்தைப் புதிதாக உருவாக்கி ஏற்றுவது), 20,000 கோப்பு, ஒரு கோப்பு 25 எம்பிக்குள் என்ற கணக்குதான். கோடிங் பக்கமே போக விரும்பாதவர்களுக்கு பிளாகர் போதும். பழசு, அழகில்லை என்று சொல்வார்கள், சொல்லட்டும். ஆட்சென்ஸோடு அதுபோல் ஒட்டிக்கொள்ளும் ஓசி இடம் வேறு இல்லை.

அடுத்து ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt). இலவச ஹோஸ்டிங்கில் நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த ஒரு வரிக் கோப்பில்தான். இந்தத் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று ஊரறியச் சொல்லும் கோப்பு அது. ஒரே வரியில் காற்புள்ளி போட்டு நான்கு விஷயம்: கூகுளின் டொமைன், ‘பப்’ என்று தொடங்கும் உங்கள் 16 இலக்க எண், ‘டைரக்ட்’ என்ற சொல், கூகுளின் சான்று எண். ஆட்சென்ஸ் பக்கத்திலேயே இந்த வரி தயாராக இருக்கும், கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

கோப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் வில்லங்கம். கூகுள் அதை டொமைனின் வேரில், அதாவது எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாத முதல் மட்டத்தில் மட்டுமே தேடும். கிட்ஹப்பில் உங்கள் பயனர் பெயர் முகவரியின் கீழ் ஒரு ப்ராஜெக்ட் தளம் வைத்திருந்தால், அந்த ப்ராஜெக்டுக்குள் போட்ட கோப்பு துணை அடைவில் போய் உட்கார்ந்துகொள்ளும், கூகுள் கண்ணில் படாது. பயனர் பெயரிலேயே இருக்கும் முதன்மை ரெப்போவில் (கோப்புக் கிடங்கில்) போட வேண்டும். தளத்தை உருவாக்கும் கருவி ஹியூகோ என்றால் ‘ஸ்டாடிக்’ ஃபோல்டரிலும், ஆஸ்ட்ரோ என்றால் ‘பப்ளிக்’ ஃபோல்டரிலும் வைத்தால் பில்ட் ஆகும்போது வேருக்கு வந்துவிடும்.

பிளாகரில் கோப்பேற்ற இடமில்லை. செட்டிங்ஸில் வருமானப் பகுதிக்குப் போய் கஸ்டம் ஆட்ஸ்.டிஎக்ஸ்டியை இயக்கி அந்த வரியை ஒட்ட வேண்டும். சொந்த டொமைனை பிளாகரோடு இணைத்தவர்கள் பெரும்பாலும் டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில், மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்கு மட்டும் சிநேம் (CNAME) குறிப்பைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கூகுள் தேடுவதோ டபிள்யூ இல்லாத வெற்று டொமைனில். அங்கே ஒன்றும் கிடைக்காததால், ‘உங்கள் வருமானத்துக்கு ஆபத்து’ என்ற எச்சரிக்கை மாதக்கணக்கில் நிற்கும். டிஎன்எஸ்ஸில் 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 என்று நான்கு ஏ (A) ரெக்கார்டுகளைச் சேர்த்து, பிளாகர் செட்டிங்ஸில் ‘ரீடைரக்ட் டொமைன்’ பொத்தானையும் தட்டிவிடுங்கள். ஒரு நாள் விட்டு, டபிள்யூ இல்லாத முகவரியோடு கோப்பின் பெயரைச் சேர்த்து பிரவுசரில் அடித்துப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது வரிக்குப் பதில் முகப்புப் பக்கம் வருகிறதா? கிளவுட்ஃபிளேர் பேஜஸில் ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கம் வைக்காவிட்டால், இல்லாத முகவரி எதைக் கேட்டாலும் முகப்பையே எடுத்து நீட்டும். கோப்பு ஏறவே இல்லை என்று அர்த்தம். சில இலவச பிஎச்பி ஹோஸ்டிங்குகளில் இன்னொரு தொல்லை உண்டு. வருவது மனிதரா என்று சோதிக்க ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றை முதலில் அனுப்புவார்கள். உங்கள் பிரவுசரில் கோப்பு சரியாகத் தெரியும், ஆட்களை மட்டும் உள்ளே விடும் அந்த வாசலில் கூகுளின் பாட் (தானியங்கி நிரல்) நின்றுபோகும் வாய்ப்பு இருக்கிறது. இதை உங்களால் சரிசெய்ய முடியாது, இடம் மாறுவதுதான் வழி.

தமிழில் எழுதினால் ஆட்சென்ஸ் தராது என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. 2018 பிப்ரவரியிலேயே தமிழைச் சேர்த்துவிட்டார்கள். இன்று நிராகரிப்பு வருவது பெரும்பாலும் நாளிதழ்ச் செய்தியை மாற்றி எழுதியது, பாடல் வரிகள், யாருடையதோ பிடிஎஃப் என்று நிரப்பி வைத்ததால். சொந்தமாக எழுதிய இருபது முப்பது பக்கம், ஒரு தனியுரிமைக் கொள்கைப் பக்கம், தொடர்புப் பக்கம் வைத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது, விளம்பரக் குக்கீகளுக்கு வாசகரிடம் சம்மதம் கேட்கும் ஒப்புதல் பெட்டி. தமிழ்த் தளத்துக்கு லண்டன், பாரிஸ், ஓஸ்லோ, சூரிச்சிலிருந்து ஆள் வருவது சாதாரணம், அங்கிருந்து வரும் பார்வைக்குத்தான் விளம்பரக் காசும் கூடுதல். பிரிட்டனுக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் 2024 ஜனவரி முதல், சுவிட்சர்லாந்துக்கு அதே ஆண்டு ஜூலை இறுதி முதல், கூகுள் சான்று பெற்ற ஒப்புதல் பெட்டி கட்டாயம். ஆட்சென்ஸில் ‘பிரைவசி அண்ட் மெசேஜிங்’ பகுதியிலேயே அது இலவசமாகக் கிடைக்கிறது, பத்து நிமிட வேலை. செய்யாவிட்டால் நல்ல விலை கிடைக்கும் வாசகர்களுக்கே சரியான விளம்பரம் போகாது.

விளம்பரப் பெட்டிக்கு முன்கூட்டியே 250 முதல் 280 பிக்சல் உயரம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் விளம்பரம் வந்து விழும்போது எழுத்து கீழே குதிக்கும், படிப்பவர் விரல் தவறி விளம்பரத்தில் படும். அந்தக் கிளிக்கின் காசை கூகுள் பிறகு பிடித்துக்கொள்ளும். ‘அடுத்த பக்கம்’, ‘பதிவிறக்கு’ பொத்தான்களுக்குப் பக்கத்தில் விளம்பரமே வேண்டாம்.

இனி காசு. ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். தினம் 200 பார்வை என்றால் வருஷத்துக்கு 73,000 பார்வை, 36 டாலர் சொச்சம். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்பும், அதாவது கிட்டத்தட்ட மூன்று வருஷம். இடையில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் பின் எண் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கணக்கில் பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே கொடுங்கள். இனிஷியலை ஒரு இடத்தில் விரித்தும் ஒரு இடத்தில் சுருக்கியும் எழுதுவது நமக்குப் பழக்கம், பணம் வரும் நேரத்தில் வங்கியில் அதுவே இழுபறியாகும்.

அதனால்தான் சின்னத் தளங்களுக்கு நேரடி விளம்பரமே மேல் என்பேன். வெர்செலில் இதுவும் ஆகாது, மற்ற இடங்களில் விதியைப் பார்த்துவிட்டுப் போடலாம். திருநெல்வேலி பற்றி எழுதும் தளத்தில் அங்கிருக்கும் ஒரு கடைக்காரர் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 6,000. மேலே சொன்ன 36 டாலரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, பின் எண்ணும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 300க்கு 250 பிக்சல் அளவில் வெப்பி (WebP) படம், 100 கேபிக்குள். மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாகப் போடுங்கள், இணைப்பில் ‘ஸ்பான்சர்ட்’ என்ற ரெல் குறிப்பைச் (rel=sponsored) சேருங்கள், இல்லாவிட்டால் இணைப்பை விற்றதாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும். படத்தின் பெயரிலோ ஃபோல்டர் பெயரிலோ ‘ஆட்ஸ்’, ‘பேனர்’ என்று வைக்காதீர்கள். ஆட் பிளாக்கர் அந்தப் பெயரைப் பார்த்தே படத்தை மறைத்துவிடும், கடைக்காரர் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு “எங்கப்பா என் விளம்பரம்?” என்று கேட்பார். கடையின் பெயரையே கோப்புக்கு வையுங்கள்.