பாஸ்டில் சிறையில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் இருந்தார்களா?

பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் பாரிஸில் கோட்டையாக இருந்த பாஸ்டில் சிறையை உடைத்து ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளை விடுவித்தார்கள் என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. 1789 ஜூலை 14 அன்று உள்ளே இருந்தவர்கள் மொத்தம் 7 பேர்தான்: போலி ஆவணம் தயாரித்ததற்காக அடைக்கப்பட்ட 4 பேர், மனநலம் பாதிக்கப்பட்ட 2 பேர், அப்புறம் சொந்தக் குடும்பமே கேட்டு அடைத்துவைத்த ஒரு பிரபு.

சரி, பிறகு எதற்காக அங்கே போனார்கள்? வெடிமருந்துக்காக. ரொட்டி விலை ஏறிக் கிடந்தது, பாரிஸைச் சுற்றிப் படைகள் குவிந்திருந்தன, மக்கள் நம்பியிருந்த அமைச்சர் நெக்கரை மன்னர் 16ஆம் லூயி ஜூலை 11 அன்று பதவியிலிருந்து நீக்கியிருந்தார். படை தங்கள் மேல் பாயும் என்று பயந்த மக்கள் 14ஆம் தேதி காலையில் முன்னாள் படைவீரர்களுக்கான இன்வாலிட் மாளிகையில் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மருந்து இல்லாத துப்பாக்கியை வைத்து என்ன செய்வது, அந்த மருந்து பீப்பாய் பீப்பாயாக இருந்தது பாஸ்டிலில். சண்டையில் தாக்கியவர்கள் பக்கம் மட்டும் நூறு பேர் அளவில் இறந்தார்கள்.

எண்ணிக்கை 7 என்பதால் இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். விசாரணையே இல்லாமல், மன்னரின் முத்திரைக் கடிதம் ஒன்றை வைத்து யாரையும் உள்ளே தள்ளலாம் என்ற அதிகாரத்தின் அடையாளம் அந்தக் கோட்டை. அது விழுந்த செய்தி கிராமங்களுக்குப் பரவியது, விவசாயிகள் கிளர்ந்தார்கள், மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 4 இரவு, தேசிய சபை பிரபுக்களின் நிலவுடைமைச் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது.