அடித்துக்கொள்ளாது என்று யார் சொன்னது?

"அதெல்லாம் அடிச்சுக்காது சார், தைரியமா விடுங்க." மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள், நம்பி வாங்கி வந்து, மறுநாள் காலையில் விளக்கைப் போட்டுத் தொட்டியைப் பார்த்து வயிறு கலங்கியும் இருப்பீர்கள். நேற்று அதே வாக்கியத்தை அதே கடையில் இரண்டாவது முறையாகக் கேட்டேன். முதல் முறை அதை நம்பியதால் என் பட்டர்ஃபிளை மீனின் துடுப்புகள் கந்தலான கதையை நான் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அதே மனிதர், வேறொரு தொட்டியைக் காட்டி, ஒரு சொல்கூட மாறாமல் அதையே மீண்டும் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

முதல் முறை போனபோது நான் கேட்டது சிக்கலான கேள்வி அல்ல. என்னிடம் இருப்பது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள ஒரு தொட்டி. விளிம்புவரை நிரப்பினாலும் 54 லிட்டருக்கு மேல் பிடிக்காது. மணல், கல், செடி போக உண்மையில் அதைவிடக் குறைவு. அதில் ஒரே ஓர் ஆப்பிரிக்கன் பட்டர்ஃபிளை மீன் இருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் மிதந்துகொண்டு, மேலே விழும் பூச்சிக்காக வாயை அண்ணாந்து காத்திருக்கும் மீன் அது. விரிந்த துடுப்புகள் இறக்கைபோல் இருக்கும். வயிற்றுத் துடுப்புகளின் நீண்ட கதிர்கள் நூல்களைப்போல் கீழே தொங்கும். இதோடு வேறெந்த வேட்டை மீனை விடலாம், அது எவ்வளவு பெரிதாகும், என்ன தின்னும் என்ற மூன்றைத்தான் கேட்டேன்.

அவர் முதலில் காட்டியது விரல் நீள ரெட்டெயில் கேட்ஃபிஷ். அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடிய ஆற்று மீன் என்று சொன்னேன். "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்" என்றார். அடுத்து, பென்சிலைப்போல் மெலிந்திருந்த அலிகேட்டர் கார் குஞ்சைக் காட்டினார். அது முதலையை நினைவூட்டும் முகத்தோடு இரண்டு மீட்டருக்கும் மேல் போகும் மீன் என்றேன். மீண்டும் அதே பதில். மூன்றாவதாக ஃபயர் ஈல். அதுவும் ஒரு மீட்டர் வரை நீளக்கூடியது. அதற்கும் அதே பதில். நான் கேட்டது என் தொட்டிக்கு எது பொருந்தும் என்று. அவர் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறது என்று.

இந்தத் "தொட்டிக்குத் தகுந்த வளர்ச்சி" என்ற பொய்யை யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, ஆனால் அது எத்தனை மீன்களைக் கொன்றிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு எரிகிறது. சிறிய தொட்டியில் ஒரு பெரிய மீன் வளராமல் நின்றுவிட்டால், அது இடத்துக்கேற்ப அடங்கிக்கொண்டது என்று பொருளல்ல; தன் கழிவிலேயே மூச்சுத் திணறி, முதுகு கோணி, நலிந்து சாகிறது என்று பொருள். சாகாமல் வளர்ந்துவிட்டால் இன்னும் கொடுமை, ஏனென்றால் அப்போது பலர் அதைக் கொண்டுபோய் ஊர்க்குளத்தில் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் அவர் குள்ளப் பேத்தைகளைக் காட்டினார், உடலைப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன்களில் மிகச் சிறியவை, கடைக்காரர்கள் ட்வார்ஃப் பஃபர் என்று சொல்வார்களே, அவைதான். "கட்டைவிரல் அகலத்துக்கு மேல வளராது, பட்டர்ஃபிளை வாய்க்கும் மாட்டாது, இதெல்லாம் கீழதான் சுத்தும்." அளவைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழும் அந்த மீன் மூன்று சென்டிமீட்டரைக்கூட எட்டுவது அரிது. அந்த ஓர் உண்மையை நம்பித்தான் நான் மூன்று மீன்களை வாங்கினேன்.

முதல் நாள் அவை செடிகளுக்கு நடுவே பதுங்கி, இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்றிக்கொண்டு சுற்றின. பட்டர்ஃபிளை மேலே அசையாமல் கிடந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக எண்ணி விளக்கை அணைத்தேன். மறுநாள் மாலை நான் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பேத்தை கீழிருந்து நேராக மேலேறி, தொங்கிக்கொண்டிருந்த துடுப்பு நூலின் நுனியை உற்றுப் பார்த்தது, ஒரு நொடி நின்றது, கடித்தது. பட்டர்ஃபிளை துள்ளி மூடியில் மோதி விழுந்தது. நான் வலையைத் தேடி எடுத்து வருவதற்குள் இரண்டாவது பேத்தையும் மேலே வந்திருந்தது. செடிகளுக்குள் புகுந்துகொண்ட மூன்றையும் பிடித்து வாளிக்கு மாற்ற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான்கு நூல்கள் பாதியாகிவிட்டன. வால் துடுப்பில் பிறை வடிவத்தில் துண்டு போயிருந்தது.

நேற்று இதைச் சொன்னதும் கடைக்காரர் சொன்ன பதில்: "உங்க மீனுக்கு ஏற்கெனவே ஃபின் ராட் இருந்திருக்கும்." துடுப்பழுகல் நோயில் ஓரம் வெளுத்து, பிசிறு பிசிறாகக் கரையும், கடித்த இடம் வெட்டினாற்போல் இருக்கும். அதைவிட, நான் கண்ணால் பார்த்த ஒன்றை, பார்க்காத ஒருவர் மறுக்கிறார். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே என் கோபம் பாதி தணிந்திருக்கும்.

வாய்க்குள் போகாத மீனாக இருந்தால் போதும் என்ற ஒற்றை விதியை வைத்துக்கொண்டு வேட்டை மீன்களை விற்கவே கூடாது. பேத்தை விழுங்கும் மீன் அல்ல, கொத்தும் மீன். அதன் பற்கள் கிளி அலகைப்போல் ஒன்றாக இணைந்து, ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் நத்தை ஓட்டை உடைக்கவேண்டிய தேவை அதற்கு உண்டு. தொங்கும் எதையும் அது கடித்துப் பார்க்கும். அதைத் தனித் தொட்டியில் வளர்க்க வேண்டும் என்பது பேத்தை வளர்ப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். அதை விற்பவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

நேற்று அவர் காட்டிய புதிய மீன் லெப்பர்ட் டீனோபோமா. "ரொம்ப சாது, அசையவே அசையாது." காய்ந்த இலைபோல் அது அசையாமல் நிற்பது வேட்டையாடுவதற்காக. மூடியிருக்கும்போது சிறிதாகத் தெரியும் அதன் வாய், இரை அருகில் வந்த நொடியில் குழாய்போல் முன்னே நீளும். வளர்ந்தால் 15 செ.மீ.க்கும் மேல் போகும். அதற்குப் பக்கத்துத் தொட்டியில் பச்சைப் புள்ளிப் பேத்தைகள் நல்ல தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. வளர வளர உப்பு கலந்த நீர் தேவைப்படும் அந்த மீன்களைப் பற்றி வாங்குபவர்களிடம் யாராவது ஒரு சொல்லாவது சொல்வார்களா? நான் எதையும் வாங்காமல் வந்துவிட்டேன். என் பட்டர்ஃபிளை இனித் தனியாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பட்டர்ஃபிளை, கயிற்று மீன், பிச்சிர், ஈல் என்று இவர்கள் விற்கும் விசித்திர மீன்களில் பெரும்பாலானவை துள்ளி வெளியே விழக்கூடியவை அல்லது நழுவிப் போகக்கூடியவை. அப்படியிருக்க, இவர்களே விற்கும் தொட்டி மூடியில் ஃபில்டர் வயருக்காக மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளியை ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்? அதைப் பஞ்சை வைத்து அடைத்துவிட்டேன். அன்று மாலை பேத்தை கடித்ததும் பட்டர்ஃபிளை துள்ளி மோதியது அந்த இடைவெளிக்குச் சரியாக ஒரு விரல் தள்ளி.