கண்கள் மூடாது என்பதையும் சொல்லுங்கள்
வீட்டிலேயே கருணைக்கொலை செய்தால் செல்லப்பிராணி ‘தூங்குவதுபோலவே போய்விடும்’ என்று அதைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வது பாதி உண்மைதான். முதலில் மயக்க ஊசி, பிறகு மூச்சும் இதயமும் நிற்கும் அளவுக்குக் கூட்டிய பென்டோபார்பிட்டால் என்ற மருந்து. வலி தெரியாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கண்கள் பெரும்பாலும் மூடுவதில்லை. இதயம் நின்ற பிறகும் மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். எங்கள் நாயின் நெஞ்சு அப்படி ஒருமுறை ஏறி இறங்கியதும், ‘அப்பா, இன்னும் உயிர் இருக்கிறது!’ என்று அலறி மகள் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் வைத்துக் கேட்கச் சொன்ன பிறகுதான் நம்பினாள். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். வேண்டாம், நடக்கப்போவதை விளக்கிவிட்டு, விரும்பினால் பக்கத்தில் உட்காரவிடுங்கள்.