டாக்டர் வரும்வரை காத்திருப்பதா?

இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்ட நோயாளிக்கு, டாக்டர் வருமுன் மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கத் தாதியர் தயங்குவதாக உங்கள் கட்டுரை சொல்வது உண்மைதான். பினாங்கில் 19 வருடம் ஐசியு தாதியாக இருந்தவள் நான். தெரியாமல் வரும் தயக்கமல்ல இது, "யாரைக் கேட்டு அழுத்தினே?" என்ற கேள்விக்குத்தான் பயம். முதல் தடவை மானிட்டரில் விஎஃப் (இதயம் ரத்தத்தை இறைக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) ஓடியபோது, ஷாக் இயந்திரத்தில் 200 ஜூல் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சீனியர் அக்கா, "எல்லாரும் தள்ளுங்க! அழுத்தும்மா!" என்று அதட்டிய பிறகுதான் விரல் நகர்ந்தது. விஎஃப்பில் சிபிஆரும் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) இல்லையென்றால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும். (நேர்கோடு ஓடினால் ஷாக் கிடையாது, சினிமாவில்தான் கொடுப்பார்கள்!) பயிற்சிச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. டாக்டர் இல்லாமலே ஷாக் கொடுக்க வார்டில் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.