வாள் பிடித்தவர் ஏன் எப்போதும் கறுப்பு?

அந்தப் படம் விவகாரம் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: அருளானந்தர், அதாவது போர்த்துகீசியக் குரு ஜான் டி பிரிட்டோ, வெட்டப்படும் பழைய படத்துக்குப் புதிதாக பெயின்ட் அடித்தார்கள், அதைப் பற்றி நான் ஒரு கேள்வி எழுதினேன். "பழைய படத்தைப் புதுப்பித்தால் உனக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்ட நம் சபைக்காரர்களுக்கும், "கடைசியில் உனக்கும் கண் திறந்ததே" என்று தோளில் தட்டிக்கொடுத்த, திருச்சபைக்கு எதிரானவர்களுக்கும் சேர்த்து ஒரே பதில் இது. இரண்டு கூட்டத்துக்கும் பிடிக்காது. பரவாயில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அருளானந்தர் மண்டியிட்டிருக்கிறார், நல்ல ரோஸ் நிறம். அவர் கழுத்துக்கு வாளை ஓங்கி நிற்பவருக்கு மட்டும் ஏன் தார்க் கறுப்பு? ஏன் சிவந்த கண்? பழைய படத்தில் அந்த ஆள் மாநிறத்தில், கொஞ்சம் பயந்த முகத்தோடு, ஒரு மனிதராக நின்றார். இன்னொன்றையும் பாருங்கள். ஓரத்தில் அழுதுகொண்டு நிற்கும் விசுவாசிகளை மட்டும் ஒரு சுற்று வெளுத்துவிட்டிருக்கிறார்கள். அவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே? ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் தோல் வெளுத்துவிட்டதா?

புனிதரைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பற்றித்தான் கேட்டேன். இதை இந்தப் பதிவில் இன்னும் சில முறை சொல்வேன், ஏனென்றால் சிலர் பாதி வரியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறார்கள்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள், கலையை அந்தந்தக் காலத்தோடு பார்க்க வேண்டும்" என்று ஒரு அண்ணன் பாடம் எடுத்திருந்தார். அண்ணே, படத்துக்கு பெயின்ட் அடித்தது போன மாதம்.

சரி, அந்தக் காலத்துக்கே போவோம். 1675-ல் ஐரோப்பாவின் பிராக் நகரத்தில் மத்தியாஸ் டான்னர் என்ற குரு, அருளானந்தர் இருந்த அதே சேசு சபை (ஜெசூட்) என்ற துறவற சபைக்காரர், உலகமெங்கும் கொல்லப்பட்ட தன் சபையாரைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். காரெல் ஷ்க்ரெட்டா என்ற ஓவியர் வரைந்து கொடுக்க, மெல்கியோர் கியூசெல் செப்புத் தகட்டில் செதுக்கினார். மண்டியிட்ட குரு, மேலே பார்க்கும் கண், பின்னால் ஆயுதத்தோடு ஓர் அந்நியன். இந்த அமைப்பை எங்கேயோ பார்த்தது போல இருக்கிறதா? ஷ்க்ரெட்டா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இங்கே கொல்லப்பட்டவர்களையும் கொன்றவர்களையும் கடிதங்களிலிருந்தும் கற்பனையிலிருந்தும்தான் அவர் எடுத்தாக வேண்டும். அது அவர் குற்றமல்ல. ஆனால் நம் ஊர் ஆளுக்கு நம் ஊர் முகம் தெரியாதா?

அந்த வரிசையில் முதலாமவர் நம் கடற்கரையில் இறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தோனியோ கிரிமினாலி, இத்தாலியில் பார்மா பக்கத்துக்காரர். 1549-ல் மண்டபம் அருகே வேதாளையில் கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர். மற்றவர்கள் படகுக்கு ஓடியபோது, உள்ளூர்க் கிறிஸ்தவர்களைக் கரை சேர்ப்பதற்காக அவர் நின்றார். பெரிய மனிதர், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைக் கொன்ற படை ஏன் வந்தது? இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை மறித்து, அகழி வெட்டி, போர்த்துகீசியத் தளபதி வரி வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அகழியை எந்தப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்? குரு உண்டு, ஈட்டி உண்டு. சுங்கச்சாவடி கிடையாது.

இதைச் சொன்னால் "எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய்" என்கிறார்கள். இந்த ஒரு கேள்வி மட்டும் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. இன்றைய நிலைமை எனக்கும் தெரியும். ஜெபக்கூடத்துக்குக் கல் விழும் செய்தியை நானும்தான் படிக்கிறேன். ஆனாலும் நாம் வாயை மூடிக்கொண்டால் அவர்களுக்கு ஆயுதம் கிடைக்காது என்று யார் சொன்னது? நாமே கேட்டுவிட்டால் அவர்கள் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தோளில் தட்டியவர்களுக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். கோவாவின் குங்கொலிம் கதையை என் பதிவுக்குக் கீழே கொண்டுவந்து ஒட்டினீர்களே, முழுதாக ஒட்டினீர்களா? 1583 ஜூலையில் ஐந்து சேசு சபையினர் அங்கே கொல்லப்பட்டார்கள். அதில் ரொடோல்போ அக்வாவிவா அக்பர் அரசவையில் இருந்துவிட்டு வந்தவர். அதற்கு முன்பு போர்த்துகீசியர் அங்கே கோயில்களை இடித்தார்கள், பின்பு ஊர்த் தலைவர்களைப் பேச்சுவார்த்தைக்கென்று அசோல்னாவுக்குக் கூப்பிட்டுக் கொன்றார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே தாக்குதலில் அல்போன்சு என்ற பூசை உதவிப் பையனும் கொல்லப்பட்டான். குருவின் செபப் புத்தகத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தான், கையை வெட்டினார்கள். அவன் உங்கள் பதிவில் இல்லை. எங்கள் பட்டியலிலும் இல்லை. 1893-ல் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கிடைத்தது அந்த ஐந்து பேருக்கு மட்டும்தான். உள்ளூர்ப் பையன் இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவனாகிவிட்டான்.

"படம் என்பது வரலாறு, நடந்ததைத்தான் வரைவார்கள்." அப்படியா? 1597 பிப்ரவரி 5, நாகசாகி. சிலுவையில் அறையப்பட்டவர்கள் 26 பேர். அவர்களில் மூன்று பேர் சேசு சபை, மற்ற 23 பேர் பிரான்சிஸ்கன் என்ற வேறொரு சபையின் துறவிகளும் அவர்களைச் சேர்ந்த பொதுநிலையினரும். அந்தக் காட்சியை ழாக் கலோ என்ற ஐரோப்பிய ஓவியர் செதுக்கிய புகழ்பெற்ற படத்தை எண்ணிப் பாருங்கள், 23 சிலுவை. சேசு சபைக்காரர்கள் வரைய வைத்த படங்களில் மூன்றே மூன்று. ஒரே குன்று, ஒரே நாள். கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது, அதுவரை சந்தோஷம். செத்தவர்களிலேயே யாரை வரைய வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், கொன்றவர்களை எப்படி வரைய வேண்டும் என்று முடிவெடுத்திருக்க மாட்டார்களா?

அதே நாகசாகிக் கதை மெக்சிகோவில் குவெர்னவாக்கா பேராலயச் சுவரில் இருக்கிறது. வெகுகாலம் வெள்ளையடிப்புக்கு அடியில் மறைந்துகிடந்து, 1950-களின் கடைசியில் புதுப்பிக்கும்போது வெளிப்பட்ட ஓவியம். அங்கே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, பேரரசன் தைக்கோசாமா கொல்ல உத்தரவிட்டான் என்று. அதாவது அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி. எனக்கு அது பிடித்திருக்கிறது. உத்தரவு போட்டவன் பெயர் சுவரில் இருக்கிறது.

நம் படத்தில் உத்தரவு போட்டவர் எங்கே? 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் அருளானந்தர் வெட்டப்பட்டார். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் ஆணை. மறவர் தலைவரான தடியத்தேவர் அருளானந்தரின் போதனையில் மனம் மாறி ஒரே மனைவியோடு வாழ்வதென்று முடிவெடுத்ததும், விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண் என்பதும் எல்லோரும் சொல்வது. தடியத்தேவருக்கு அரியணையில் உரிமை இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அதே சேதுபதி 1686-ல், அமைச்சர் சித்திரவதை செய்து வைத்திருந்த இதே அருளானந்தரை, பேசிப் பார்த்துவிட்டு விடுதலை செய்தவர். இவ்வளவு அரசியல், இவ்வளவு குடும்பச் சண்டை. படத்தில் மிஞ்சியது கூலிக்கு வாள் பிடித்த ஒரு ஆள். முந்நூறு வருஷமாக அவர்தான் நிற்கிறார், ஒவ்வொரு பெயின்டிலும் கொஞ்சம் கறுத்துக்கொண்டே.

கொலை கொடூரம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தலையை வெட்டி, கை கால்களை வெட்டி, உடலைக் கம்பத்தில் ஏற்றினார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. வெட்ட வந்தவரை அருளானந்தர் எழுந்து தழுவிக்கொண்டார். நான் பார்த்த எந்தப் படத்திலும் அது இல்லை. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, காவி கட்டிப் பண்டாரசுவாமியாக மறவர் நாட்டில் நடந்தவர், சாவதற்குச் சற்று முன்பு ஒரு மனிதரை மனிதராகப் பார்த்திருக்கிறார். அவரைக் கும்பிடுகிற நமக்கு அது முடியவில்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். சின்ன வயதில் திருவிழாவுக்கு நாடகம் போடுவோம். அருளானந்தர் வேடம் எப்போதும் சிவப்பாக இருக்கும் பையனுக்கு. கொலையாளி வேடம் எப்போதும் எனக்கு. இருக்கிற கறுப்பு போதாதென்று அடுப்புக்கரியைக் குழைத்து முகத்தில் பூசிவிடுவார்கள். ஒரு வருஷம் நாடகம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது பக்கத்தில் இருந்த அக்கா, "முகத்தைக் கழுவிவிட்டு வாடா" என்றார். நான் ஏற்கெனவே கழுவியிருந்தேன். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஓரியூருக்கு அப்பத்தா கூட்டிப்போவாள். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லும் சிவப்பு மணலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுவாள். எல்லாச் சாதிக்காரரும் வருவார்கள், இந்துக்களும் வருவார்கள், மொட்டை போடுவார்கள், கிடா வெட்டுவார்கள். வெட்டியவன் நிறம் என்ன என்று அங்கே நான் யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு விசுவாசம் இல்லை என்று எழுதியவர்கள் அந்த மணலில் என்னோடு உட்கார்ந்து பேசட்டும்.

விசுவாசம் பற்றிப் பேசுவதென்றால் வேறு சிலதையும் பேச வேண்டியிருக்கும். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் எழுப்பி, செத்த பிறகும் சாதி பிரித்துப் புதைத்த ஊர்கள் நம் திருச்சபைக்குள் இருக்கின்றன. அந்தச் சுவரைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள், "கறுப்பு என்பது வெறும் நிறம்தானே, அதில் என்ன இருக்கிறது" என்று எனக்கு விளக்கம் சொல்கிறார்கள். வெறும் நிறம்தான் என்றால், அடுத்த முறை புனிதருக்குக் கொஞ்சம் பூசிப் பாருங்களேன். இந்த வெயிலில் வருஷக்கணக்காக நடந்த மனிதர் ரோஸ் நிறத்தில் இருந்திருக்கவும் முடியாது.

கடைசியாக ஒன்று. நேற்று ராத்திரி யாரோ என் அம்மாவுக்கு போன் செய்து, "உங்கள் மகன் வேதத்தை விட்டுவிட்டானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா விடிய விடியத் தூங்கவில்லை. போன் செய்தது யாரென்று எனக்குத் தெரியும். பெயர் போடமாட்டேன். உங்களிடம் என் நம்பரும் இருக்கிறது. எனக்கே கூப்பிடுங்கள், நாளைக்கு முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்.