ராஸ் பார்ன்ஸ் சரிந்தது விதி மாற்றத்தால் மட்டும் அல்ல
அமெரிக்க பேஸ்பால் வீரர் ராஸ் பார்ன்ஸைப் பற்றி, "1877-இல் விதியை மாற்றினார்கள், ராஸ் பார்ன்ஸின் ஆட்டம் அதோடு முடிந்தது, அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு தந்திரம்தான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறான எண்ணத்தைத் தரும்.

விதி மாறியது உண்மைதான். அதற்கு முன்பு, அடித்த பந்து முதலில் ஆட்ட எல்லைக் கோட்டுக்கு உள்ளே தரையில் பட்டால் போதும். அப்புறம் வெளியே ஓடினாலும் செல்லும். பார்ன்ஸ் பந்தைத் தட்டி, உள்ளே ஒரு குத்து விழவைத்து, மூன்றாம் பேஸுக்கு (அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று) வெளியே ஓடவிடுவார். பீல்டர் துரத்தி எடுப்பதற்குள் முதல் பேஸில் நிற்பார். சரி, ஆனால் விதி மாறிய அந்த ஆண்டே அவரைக் கடும் காய்ச்சல் பிடித்ததை ஏன் விட்டுவிட வேண்டும்? சிகாகோவுக்காக 22 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. ஆடாத நாட்களுக்குக் கிளப் சம்பளத்தை நிறுத்தியது. வழக்குப் போட்டார், தோற்றார். பழைய பலம் அவருக்குத் திரும்பவே இல்லை.

1876-இல் அவருடைய பேட்டிங் சராசரி .429, 66 ஆட்டங்களில் 126 ஓட்டங்கள். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் லீக்கான நேஷனல் லீக்கின் முதல் ஹோம் ரன்னும் (ஒரே அடியில் எல்லாப் பேஸ்களையும் சுற்றி வருவது) அவர் அடித்ததுதான். அது தட்டிவிட்ட பந்தில் வருமா? இரண்டாம் பேஸில் அவருடைய பீல்டிங்கும் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அதற்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு 1879-இல் சின்சினாட்டிக்கும் 1881-இல் பாஸ்டனுக்கும் ஆடி .266, .271 சராசரி எடுத்தார். விதி அவரைப் பாதிக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் வீழ்ச்சியை அவருடைய திறமைக் குறைவாகக் காட்டாதீர்கள்.